தொங்கிய அச்சில் எடுத்த அளவு

ஜனவரி 17, புதன்

பொங்கலுக்குப் பூட்டிய பட்டறையை இன்று திறந்தோம். திறந்தோம் என்று எழுதுவதே தப்பு. அவன் ஒரு பூட்டைத் திறந்தான், நான் ஒரு பூட்டைத் திறந்தேன். ஷட்டருக்கு இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி அவனிடம், மற்றதன் சாவி என்னிடம். யார் முதலில் வந்தாலும் மற்றவன் வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும். பதினொரு வருடத்துக்கு முன்பு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே செய்துகொண்ட ஏற்பாடு இது.

அவன் என்றால் சதாசிவம். என் தங்கை சாந்தாமணியின் வீட்டுக்காரன். பழைய லாரிகளை வெட்டி நீட்டி, போர்வெல் ரிக்கோடு கூடப் போகிற பைப் வண்டியாக மாற்றுவது எங்கள் தொழில். திருச்செங்கோட்டில் ரிக் வைத்திருப்பவர்களில் எங்கள் பட்டறைக்கு வராதவர்கள் குறைவு. சேசிஸ் வெட்டுவதும் வெல்டிங் வைப்பதும் அவன் வேலை. கியர் பெட்டி, ஷாஃப்ட், பின் அச்சு என் வேலை.

நாங்கள் பேசி ஏழு மாதம் ஆகிறது. போன ஜூனில் அவன் மகள் கிருத்திகாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். புருசனும் பெண்டாட்டியுமாக என் வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, "நீங்க முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணும்" என்று சொல்லிப் பத்திரிகை வைக்க வேண்டும். அவன் என்ன செய்தான்? பட்டறையில் ஜாக்கியின் மேல் வைத்துவிட்டுப் போனான். கிரீஸ் கையோடு. பத்திரிகையில் பிள்ளையார் தும்பிக்கையில் அவனுடைய கட்டைவிரல் ரேகை இருந்தது. அன்று மத்தியானமே அதை டீக்கடைக்காரரிடம் கொடுத்து அவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. என் இடத்தில் எங்கள் பெரியப்பா மகனை நிற்க வைத்து மாமன் சீரை நடத்திக்கொண்டார்கள். பெரியப்பா மகன் கழுத்தில் மாமன் மாலை சரியாகக்கூட நிற்கவில்லை என்று போட்டோ பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இந்த டைரி டயர் கடைக்காரர் கொடுத்தது. பட்டறையில் வாய் திறப்பதில்லை. எங்காவது திறக்க வேண்டும் அல்லவா.

ஜனவரி 19, வெள்ளி

ரிக் வைத்திருக்கும் அர்த்தநாரி ஒரு பழைய லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். பதினேழு வருட வண்டி. முன்னால் மூன்று ஆள் கை மாறியது. பைப் ஏற்ற நீளம் போதாது, ஒன்றரை அடி கூட்ட வேண்டும் என்கிறார். ஒன்றரை அடி கூட்டினால் பின்பக்க ஷாஃப்டும் ஒன்றரை அடி கூட வேண்டும். கியர் பெட்டியின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோவது அந்தக் குழாய்தான். அதில் ஒரு அங்குலம் தப்பினாலும் வண்டி நம்மை மன்னிக்காது.

அர்த்தநாரி நடுவில் நிற்கிறார். அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ஆறடி தூரம் இருக்காது.

"அர்த்தநாரியண்ணா, சென்டர் பேரிங் புதுசு வாங்கோணும்னு அவருகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"சரின்னு சொல்லுங்க" என்றான் அவன்.

அர்த்தநாரி இரண்டு பக்கமும் பார்த்தார். "ஏனுங்க, எனக்கு இதுக்குத் தனியாக் கூலி உண்டுங்களா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவன் லேசாகச் சிரித்தான் என்று நினைக்கிறேன். அவனுக்கு வெட்கம் என்பது எப்போதும் கொஞ்சம் கம்மி.

ஆள் இல்லாதபோது சாக்பீஸ். சேசிஸின் உள்பக்கத்தில் எழுதிக்கொள்வோம். அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறேன்: எண்ணும் சாமான் பெயரும் மட்டும். முழு வாக்கியம் எழுதினால் அது பேச்சு. நான் முதலில் பேசப்போவதில்லை.

ஜனவரி 22, திங்கள்

புது டயர் ஆறும் வந்தது. ஆனால் மாட்டக் கூடாதாம். அர்த்தநாரி டயர்களை அவர் வீட்டுப் பூசையறையில் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறார். பிப்ரவரி ஒன்றாம் தேதி காலையில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அப்போதுதான் டயர் மண்ணைத் தொட வேண்டுமாம்.

"போன வண்டியைப் பூசை போடாம உருட்டிப்போட்டேனுங்க. கர்நாடகாவுல மூணு மாசம். போட்ட போரெல்லாம் பொகையாத்தான் வந்துச்சு" என்றார்.

தண்ணீர் வராததற்கு டயர் என்ன செய்யும்? ஆனால் ரிக்காரர்களிடம் இதைப் பேச முடியாது. ஆயிரம் அடி துளைத்துப் பார்க்கிறவனுக்குப் பயம் அதிகம். ஆகவே வண்டி நான்கு ஸ்டாண்டில் நிற்கிறது. பின் அச்சு வில்பட்டையிலிருந்து கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது.

என் வீட்டுக்காரி விசாலாட்சி சொன்னதால் காஸ் புக் செய்தேன். எண் இந்தப் பக்கத்தின் ஓரத்தில்.

ஜனவரி 24, புதன்

சேசிஸை வெட்டி நீட்டிவிட்டான். வெல்டிங்கைப் பார்த்தேன். அவன் போன பிறகுதான் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே இரட்டைப் பட்டை கொடுத்து, சாய்வாக வெட்டி இணைத்திருக்கிறான். இந்த ஊரில் இப்படி வைக்க இன்னொரு ஆள் கிடையாது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான். அவன் காதில் விழப்போவதில்லை.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். பட்டறை லீவு. சாந்தாமணி வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. விசாலாட்சி காப்பி போட எழுந்தாள். சாந்தாமணி வேண்டாம் என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணா, இன்னும் எத்தன நாளைக்கு?"

"உம் புருசனைக் கேளு."

"அவருகிட்டக் கேட்டா, மச்சான் மொகத்தப் பாத்துப் பேச எனக்கே கூச்சமா இருக்குதுங்கறாரு. உங்களக் கேட்டா இப்படி. அண்ணா, அன்னைக்கு அந்தப் பத்திரிகை உங்களுக்கு வெச்சதே இல்லீங்க. அது பட்டறைக்கு வர்ற ரிக்காரங்களுக்குக் குடுக்கறதுக்குக் கொண்டாந்த கட்டுல ஒண்ணு. எனக்குக் காச்சல். சாயங்காலம் தட்டோட ரெண்டு பேரும் வரலாம்னு பழமெல்லாம் வாங்கி வெச்சிருந்தோம். அதுக்குள்ள நீங்க டீக்கடைக்காரருகிட்டத் திருப்பிக் குடுத்துட்டீங்க."

இதை அவள் ஏழு மாதம் கழித்துச் சொல்கிறாள். நான் நம்பவில்லை. பட்டறைக்குக் கொண்டுவந்த கட்டு என்றால் மற்ற பத்திரிகைகள் எங்கே? விசாலாட்சி, "அந்த டூல்ஸ் பெட்டி மேல ஒரு கட்டு இருந்துச்சுன்னு நீங்களே சொன்னீங்களே" என்றாள். என் வீட்டிலேயே எனக்கு ஆள் இல்லை.

"ஒரு வார்த்தை. வாங்க மாப்பிள்ளைன்னு ஒரே ஒரு வார்த்தைங்கண்ணா" என்றாள் சாந்தாமணி.

"அவன் மொதல்ல பேசட்டும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை இளகியிருப்பேன். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 27, சனி

இன்று அவன் ஷாஃப்ட் அளவு எடுத்தான்.

அளவு எடுப்பது என் வேலை. பதினொரு வருடமாக என் வேலை. சேசிஸ் முடிந்ததும் அவன் "மச்சான், வாங்க, டேப்பைப் புடிங்க" என்பான், நான் அடியில் போவேன். இந்தத் தடவை மூன்று நாள் காத்திருந்தேன். சாக்பீஸால்கூட "ஷாஃப்ட்" என்று எழுதவில்லை. அர்த்தநாரி வந்து, "ஒண்ணாந்தேதிக்கு ஆகோணுங்க, இல்லீனா முகூர்த்தம் தவறிப்போயிரும்" என்று அவனைப் பிடித்து உலுக்கினார். நான் மூலையில் உட்கார்ந்து, ஷாஃப்ட் முனையில் மாட்டுகிற ஒரு பழைய கிராஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கம் ஒரு தடவை திரும்பினான். நான் கிராஸை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அப்புறம் அவனே டேப்பை எடுத்துக்கொண்டு அடியில் போனான்.

சக்கரம் இல்லை. அச்சு தொங்குகிறது. அப்படியே அளந்தான்.

இதைப் படிப்பவர் யாரும் இல்லை என்றாலும் எழுதுகிறேன். ஷாஃப்ட் அளவு சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் எடுக்க வேண்டும், வண்டி தன் எடையைத் தானே சுமக்கும்போது. ஸ்டாண்டில் ஏற்றினால் அச்சு கீழே இறங்கிவிடும், இரண்டு முனைக்கும் இடையில் தூரம் கூடும். அந்தத் தூரத்துக்கு ஷாஃப்ட் செய்தால் நீளமாக இருக்கும். ஷாஃப்டின் ஒரு முனையில் பல் வெட்டிய ஸ்லிப் ஒன்று உண்டு. வண்டி பள்ளத்தில் விழும்போதும் பாரம் ஏறும்போதும் அது உள்ளே போய் வெளியே வரும். அது உள்ளே போக ஒரு அங்குலமாவது மிச்சம் வேண்டும். மிச்சம் இல்லாவிட்டால் முட்டும். முட்டினால் ஷாஃப்டை நடுவில் தாங்குகிற சென்டர் பேரிங் உடையும். அப்புறம் ஷாஃப்ட் கீழே விழும்.

சேசிஸில் அவன் எழுதியது: 64 அங்குலம் 5 நூல். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். என் கண்ணுக்கு 63-ஐத் தாண்டாது.

அவனுக்குத் தெரியாதா? தெரியும். அவசரத்தில் மறந்திருப்பான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 29, திங்கள்

லேத்துக்குப் போனேன். லேத்துக்காரர் தனபால் அளவைப் பார்த்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"சக்கரம் போட்டு எடுத்த அளவுதானுங்களே, வையாபுரியண்ணா?"

"எழுதியிருக்கறதச் செய்யுங்க."

"இல்லீங்க, சும்மா கேட்டேன். நீங்க கொண்டாந்தா நான் கேக்கறதே இல்ல."

அவர் குழாயை அறுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். எழுதியிருந்ததற்கு ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

ஜனவரி 31, புதன்

ஷாஃப்ட் மாட்டியாகிவிட்டது. இரண்டு முனையிலும் கிராஸ் மாட்டுகிற காதுகள் ஒரே நேராக இருக்கிறதா என்று கோடு போட்டுப் பார்த்தேன். இருக்கிறது. கோணல் இருந்தால் வண்டி உதறும். பேலன்ஸ் பார்த்தேன். கிரீஸ் அடித்தேன். போல்ட் எட்டும் புதுசு. என் வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. இதை நன்றாக எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 1, வியாழன்

பூசை. தேங்காய், பூசணிக்காய், எலுமிச்சம்பழம். அர்த்தநாரி குடும்பத்தோடு வந்திருந்தார். டயர் மாட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டி பத்து நாளைக்குப் பிறகு மண்ணில் நின்றது. வில்பட்டை மெதுவாக அமர்ந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள்.

சந்தனம் வைக்கப் போகிற சாக்கில் அடியில் போய்ப் பார்த்தேன். ஸ்லிப்பில் மிச்சம் இரண்டு நூல். ஒரு டன் பாரம்கூட இல்லாமல் இரண்டு நூல். ஆறு டன் பைப் ஏறினால் ஒன்றும் இருக்காது.

வெளியே வந்தேன். சட்டையில் மண். அர்த்தநாரி கேட்டார், "எல்லாம் சரியா இருக்குங்களா?"

அவன் இரண்டடியில் நின்றான். கையில் சர்க்கரைப் பொங்கல் தொன்னை. அவனும் என் பதிலுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அளவு எடுத்தவங்ககிட்டக் கேளுங்க" என்றேன்.

"சரியாத்தானுங்க இருக்குது" என்றான் அவன், அர்த்தநாரியிடம்.

சரி. அப்படியே இருக்கட்டும். பைப் ஏற்றும்போது முட்டுகிற சத்தம் அர்த்தநாரியின் யார்டிலேயே கேட்கும். கழற்றி, அறுத்து, மறுபடி செய்ய வேண்டிவரும். அர்த்தநாரி நாலு வார்த்தை கேட்பார். அப்போது தெரியும், யார் இல்லாமல் எது நடக்காது என்று. ஒரு நாள் வேலை வீண், அவ்வளவுதான். வேறு ஒன்றும் ஆகாது.

பிப்ரவரி 2, வெள்ளி

சோறு இறங்கவில்லை. "என்னங்க, பட்டறையில ஏதாச்சுங்களா?" என்றாள் விசாலாட்சி. வெயில் என்றேன். தை மாதத்தில் என்ன வெயில் என்று அவள் கேட்கவில்லை.

மத்தியானம் அவன் சாப்பிடப் போயிருந்தபோது சாக்பீஸை எடுத்து சேசிஸில் எழுதினேன்: பாரம் வைத்து ஸ்லிப் பார்க்கவும். எழுதிவிட்டுத் தள்ளி நின்று படித்தேன். நான்கு வார்த்தை. முழு வாக்கியம். அவன் வந்து படித்துவிட்டு, மச்சான் இறங்கி வந்துவிட்டார் என்று ராத்திரி சாந்தாமணியிடம் சொல்லிச் சிரிப்பான் என்று தோன்றியது. எங்கள் பெரியப்பா மகன் கழுத்தில் கிடந்த மாலை ஞாபகம் வந்தது. கை துடைக்கிற துணியால் துடைத்துவிட்டேன். இரண்டு நூல் என்பது மோசமில்லை. இரண்டு நூலில் ஓடுகிற வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

பார்த்ததில்லை.

பிப்ரவரி 3, சனி

முதல் பாரத்துக்குப் பட்டறை ஆள் ஒருவர் கூடப் போவது எங்கள் வழக்கம். அடியில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்பதற்கு. எப்போதும் நான்தான் போவேன். இன்று முதுகு வலி. போகவில்லை. அவன் போயிருக்கிறான்.

அதே நாள், சாயங்காலம்

இன்னும் கை கழுவவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

யார்டில் பைப் ஏற்றும்போது சத்தமே வரவில்லையாம். மெதுவாக அமர்ந்து மெதுவாக முட்டியிருக்கிறது. சங்ககிரி ரோட்டில் வேகத்தடையில் பின்சக்கரம் ஏறி இறங்கியதும் அடியில் வெடிபோட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது என்று டிரைவர் நடேசன் சொன்னான். சென்டர் பேரிங் உடைந்து, ஷாஃப்ட் ஒரு பக்கம் தொங்கிச் சுழன்று காற்றுக் குழாயை அறுத்திருக்கிறது. பிரேக் இல்லை. அது இறக்கம். எதிரில் காலேஜ் பஸ். நடேசன் வண்டியை இடப்பக்கம் ஒடித்துக் கல் கட்டிடத்தின் மேல் ஏற்றிவிட்டான். அது பழைய செக்போஸ்ட், ஆள் யாரும் இல்லை. நடேசனுக்குக் கீறல் மட்டும். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தது அவன்.

போன் வந்ததும் செயின் புல்லியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன். கேபின் மடங்கி அவன் இடது கால் உள்ளே மாட்டியிருந்தது. புல்லியை மரத்தில் கட்டி இழுத்தோம். முப்பது நிமிடம். அவன் கத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுற்றிலும் அவ்வளவு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் பேசினால் யாருக்கும் தெரிந்திருக்காது. வாய் வரவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஈரோட்டில் ஆஸ்பத்திரி. சாந்தாமணி ஐசியூ வாசலில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கிருத்திகாவும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறார்கள். அந்தப் பையனை இன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். எழுந்து நின்று, "வாங்க பெரியவரே" என்றான். யாரோ என்று நினைத்துவிட்டான். கிருத்திகா அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் முகம் சிவந்து, "மன்னிச்சிருங்க, தெரியலீங்க" என்றான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இழுத்துவந்து அர்த்தநாரியின் யார்டில் போட்டிருந்த வண்டியைப் பார்க்க இன்சூரன்சிலிருந்து ஒருவர் வந்தார், என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அர்த்தநாரியும் இருந்தார். உடைந்த ஷாஃப்டைத் தரையில் கிடத்தி அளந்தார்கள். 64 அங்குலம் 5 நூல்.

"இது நீளமாச்சேங்க. யாரு எடுத்த அளவு?"

நான் சேசிஸைக் காட்டினேன். சாக்பீஸ் எழுத்து அப்படியே இருந்தது. கையெழுத்து யாருடையது என்று அர்த்தநாரி சொன்னார். நான் சொல்லவில்லை.

"நீங்க வண்டி இறக்கின பிறகு அடியில பார்க்கலையா?"

"இல்லீங்க. அன்னைக்குப் பூசை. கூட்டம். நான் அடியில போகவே இல்ல."

அர்த்தநாரி என் முகத்தைப் பார்த்தார். அன்று என் சட்டையில் இருந்த மண்ணை அவர் பார்த்திருப்பார். ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இன்சூரன்ஸ் கிடைக்க வேண்டும். அளவு எடுத்தவன் ஒருவன் என்றால் எழுதுவதற்குச் சுலபம்.

பிப்ரவரி 7, புதன்

முன்பு எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்தேன். ஒன்றாம் தேதி எழுதியது கோபத்தில் எழுதியது. இரண்டு நூல் என்று எழுதியிருக்கிறேன். அடியில் வெளிச்சம் இல்லை, எட்டு நூலாகக்கூட இருந்திருக்கலாம். அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். இதில் ஒன்றைக் கிழித்தால் தையல் விட்டு ஜனவரிக் காகிதமும் கழன்று வருகிறது. அதில் காஸ் புக் செய்த எண் இருக்கிறது, சிலிண்டர் இன்னும் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 10, சனி

பட்டறையைத் திறக்க முடியவில்லை. அவனுடைய சாவி அவன் வீட்டில். கேட்டால் சாந்தாமணி கொடுப்பாள். கேட்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சாந்தாமணி என்னை மாடிப்படி ஓரமாகக் கூட்டிப்போனாள். தலை சீவவில்லை. ஒரு வாரமாக அதே புடவை என்று நினைக்கிறேன்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாமி மேல சத்தியமாச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா? ஷாஃப்ட் உங்க வேலையாச்சே. ஊர்ல எந்த வண்டி போனாலும் சத்தத்த வெச்சே என்ன கோளாறுன்னு சொல்லுவீங்களே. உங்க கண்ணுல படலீங்களா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். இவள் நான் தூக்கி வளர்த்தவள். இவளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. எனக்குத் தங்கை இருக்க மாட்டாள்.

"நான் அடியில போய்ப் பாக்கவே இல்லம்மா. அவருதான் அளந்தாரு, நான் லேத்துல குடுத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்கண்ணா. தப்பா நெனச்சுட்டேன். ஒரு வாரமா மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. உங்களப் போயி அப்படி நெனச்சேனே, நான் எல்லாம் ஒரு பொறப்பா" என்று அழுதாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

நான் கேவலமானவன். எழுதிவிட்டேன். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

அவனை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். விசாலாட்சி கூப்பிட்டதால் போனேன். போர்வை இடது பக்கம் பாதியில் தட்டையாகிவிட்டது. அங்கே பார்க்கக் கூடாது என்று சன்னலைப் பார்த்தேன். சன்னலில் ஒன்றும் இல்லை.

சாந்தாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். விசாலாட்சி தலைமாட்டில் நின்றாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மச்சான்" என்றான் அவன்.

எட்டு மாதத்துக்குப் பிறகு. அவன்தான் முதலில் பேசினான். நான் இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"சக்கரத்த எறக்கி அளந்திருக்கோணும். தெரிஞ்சேதான் பண்ணிப்போட்டேன். அர்த்தநாரி அவசரப்படுத்துனாரு. உங்களக் கூப்பிடலாம்னு திரும்பினேன். நீங்க வேலையா இருந்தீங்க. கூச்சமாப் போச்சு." குரல் தேய்ந்து வந்தது. சாந்தாமணி தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தான். "நீங்க லேத்துக்குக் கொண்டு போயி, மாட்டியும் குடுத்தீங்க. அப்பறம் பூசையன்னைக்கு அடியில போயிட்டு வந்தீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. ஒண்ணும் சொல்லலீங்களே. தப்புன்னா நீங்க உட்டிருக்க மாட்டீங்க. நடேசங்கிட்டக்கூடச் சொன்னேன். எங்க மச்சானுக்கு எம்மேல எத்தன கோவம் இருந்தாலும் வேலையில உடமாட்டாருன்னு. சொல்லிட்டுத்தான் வண்டியில ஏறுனேன்."

சாந்தாமணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. "சந்தனம் வெக்கத்தான் குனிஞ்சேன். ஷாஃப்டப் பாக்கல" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

"அப்படிங்களா" என்றான் அவன். சீலிங் ஃபேனைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இல்லை, தெரியவில்லையோ என்னவோ. அவன் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கையை நீட்டி என் கையைத் தொட்டான். "எப்படியோ, எந் தப்புதானுங்க. பட்டறைப் பேரையும் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க மச்சான்."

விசாலாட்சி, நர்ஸ், சாந்தாமணி எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"சரி உடுங்க மாப்பிள்ளை. மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும்" என்றேன்.

விசாலாட்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய கோபமெல்லாம் தீர்ந்தது என்று வாய்விட்டுச் சொன்னாள். சாந்தாமணி பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்தாள். அவனுக்குக் கொண்டுவந்த பழம். மெதுவாக உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகப் பிரித்து, என் முகத்தைப் பார்த்தபடியே எனக்கு நீட்டினாள்.

வாங்கித் தின்றேன். ஒரு சுளை மிச்சம் வைக்காமல் தின்றேன்.